எந்தத் தோல், எந்தக் கை: டிரம் மென்பொருள் ஒப்பீடுகளின் ஒருகண் பார்வை

டிரம் மென்பொருள்களை ஒப்பிட்டு எழுதுவோர் எல்லோரும் ஒரே சொல்லை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்: 'உண்மையான ஒலி'. எதில் அந்த உண்மை மிகுதி, எதில் குறைவு என்று நட்சத்திரங்கள் வழங்கப்படுகின்றன. எத்தனை கிகாபைட், ஒரு ஸ்னேருக்கு எத்தனை அடுக்கு, எத்தனை மைக் என்று பட்டியல் நீள்கிறது. முடிவில் ஒரு வெற்றியாளர் அறிவிக்கப்படுகிறார். மும்பையிலோ கொல்கத்தாவிலோ ஹைதராபாதிலோ வீட்டு அறையில் ஒரு மடிக்கணினியோடு மிக்ஸிங் செய்யும் இளைஞர் அந்த வெற்றியாளரை வாங்குகிறார், அல்லது திருட்டுப் பிரதியாக இறக்கிக்கொள்கிறார். எந்தக் கருவியின் உண்மை, எந்த அறையின் உண்மை, எந்தக் கையின் உண்மை என்று ஒப்பிட்டவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. பிற நாட்டில் இது கவனக்குறைவாக இருக்கலாம். இந்தியாவில் அப்படிச் சொல்லித் தப்பிக்க இயலாது. தோற்கருவியின் ஒலி எவ்வாறு பிறக்கிறது என்பதற்கு நூறாண்டுக்கு முன்பே அறிவியல் விடை கண்ட நாடு இது. அந்த விடையைப் பொருட்படுத்தாத ஓர் அளவுகோலை இன்று இதே நாட்டின் ஒலிக்கூடங்கள் கைகட்டி ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

முதலில் அம்மென்பொருள்களுக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். அதைக் கொடுக்காமல் செய்யும் கண்டனம் நேர்மையாகாது. 1980இல் ராஜர் லின் வெளியிட்ட எல்எம்-1 இயந்திரமே பதிவுசெய்யப்பட்ட டிரம் ஒலிகளை எண்முறையில் ஒலித்த முதல் வணிகக் கருவி. ஸ்னேர் என்றால் ஒரே ஸ்னேர் ஒலி. நூறு முறை அடித்தாலும் நூறு முறையும் அதுவே. நீண்டு அதிரும் பெரிய சிம்பல்களுக்கு அதில் இடமே இல்லை, நினைவகச் சில்லுகளின் விலை அப்படி. அங்கிருந்து 2017இல் ஸ்வீடனின் டூன்டிராக் நிறுவனம் வெளியிட்ட சுப்பீரியர் டிரம்மர் 3 வரை வந்த பயணம் வியப்புக்குரியது. பெல்ஜியத்தின் கேலக்ஸி ஸ்டுடியோவில் ஜார்ஜ் மாசன்பர்க் என்ற பெயர்பெற்ற ஒலிப்பொறியாளர் பதிவுசெய்த ஏறத்தாழ 230 கிகாபைட் ஒலி அதில் இருக்கிறது. மெல்லத் தொடுவது முதல் ஓங்கி அறைவது வரை ஒரு ஸ்னேருக்குப் பல அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கிலும் ஒன்றையொன்று ஒவ்வாத பல பதிவுகள் மாறிமாறி ஒலிக்கின்றன. இந்த ரவுண்ட் ராபின் முறை இல்லையென்றால் வேகமான உருட்டல் இயந்திரத் துப்பாக்கி போலக் கேட்கும். ஸ்னேரை அடிக்கையில் அது டாமின் மைக்கிலும், தலைக்கு மேலுள்ள மைக்கிலும், அறையின் மூலையில் நிற்கும் மைக்கிலும் கசியும். அக்கசிவையும் தனித்தனியே பதிந்து, கூட்டவும் குறைக்கவும் வசதி செய்திருக்கிறார்கள். மிக்ஸிங் அறிந்தவர்க்கு இதன் அருமை தெரியும். கசிவில்லாத டிரம் செட் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனி அறையில் அமர்ந்து வாசிப்பது போலவே இருக்கும்.

பிற மென்பொருள்களும் தத்தம் இயல்பில் தகுதியுடையவை. லண்டனின் எஃப்எக்ஸ்பான்ஷன் 2003இல் தொடங்கி வளர்த்த பிஎஃப்டி, பதிவை ஏறத்தாழப் பச்சையாகவே கையில் தரும். ஈக்யூவும் கம்ப்ரஸரும் வைத்துச் சமைத்துக்கொள்வது கலவையாளரின் பொறுப்பு. எக்ஸ்எல்என் நிறுவனத்தின் அடிக்டிவ் டிரம்ஸ் 2 அளவில் சிறியது, எளிய கணினியிலும் ஓடும், பாட்டுக்குள் விரைவாக உட்கார்ந்துவிடும்; ஆனால் மிக மெல்லிய தட்டுகளின் நுணுக்கத்தில் பெரிய தொகுப்புகளோடு போட்டியிடாது. ஸ்டீவன் ஸ்லேட் டிரம்ஸ் முன்பே அழுத்தி, தீட்டி, மெருகேற்றி வைக்கப்பட்டது. கிட்டார்கள் முழங்கும் ராக் பாட்டில் அதன் ஸ்னேர் திரையைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். அதே ஸ்னேரை ஒரு தாலாட்டின் கீழ் வைத்தால் விருந்துக்கு வந்தவர் வாசலில் நின்று கத்துவது போலிருக்கும். கெட்குட் டிரம்ஸ் மெட்டல் இசைக்கென்றே பிறந்தது. இத்தாலியின் ஐகே மல்டிமீடியா உருவாக்கிய மோடோ டிரம் முற்றிலும் வேறு வழியில் செல்கிறது: தோலும் மரக்கூடும் எவ்வாறு அதிரும் என்பதைக் கணக்கிட்டே ஒலியை உண்டாக்குகிறது. சிம்பல்களுக்கு மட்டும் அதுவும் பதிவுகளையே நாடியது, உலோகத் தகட்டின் குழப்பமான அதிர்வை அவ்வளவு எளிதில் கணக்கிட இயலாது என்பதால்.

ஆக, தனித்து ஒலிக்கையில் உண்மையாகத் தோன்றுவது சுப்பீரியரும் பிஎஃப்டியும். பாட்டுக்குள் விரைவில் உண்மையாகத் தோன்றுவது அடிக்டிவும் ஸ்லேட்டும். இந்த எளிய வேறுபாட்டைக்கூடப் பெரும்பாலான ஒப்பீடுகள் காண்பதில்லை. அவற்றின் சோதனை முறையே பழுதானது. ஒரே மிடிக் கோப்பை ஐந்து மென்பொருள்களில் ஓடவிட்டு, 'கேளுங்கள், வேறுபாடு தெரிகிறதா' என்கிறார்கள். வெலாசிட்டி 90 என்ற எண் ஒரு மென்பொருளில் நடுத்தரமான தட்டு. இன்னொன்றில் அது பலத்த அடி. ஒரு மென்பொருளை மனத்தில் வைத்து வாசித்த கோப்பு மற்றவற்றில் திக்கித்தான் பேசும். அடுத்தது ஒலியளவு. ஒரு டெசிபல் உரக்க ஒலிப்பதைக் காது 'இது தெளிவு, இது உண்மை' என்று எண்ணும் என்பது ஒலிப்பதிவுக் கலையின் அரிச்சுவடி. ஒலியளவைச் சமப்படுத்தாமல் நடத்தப்படும் ஒப்பீட்டில் வெல்வது உரக்கக் கத்துவதே. மூன்றாவதாக, டிரம்ஸை மட்டும் தனியே கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். பாஸ் கிட்டாரும் குரலும் சேர்ந்த பின் அந்த 230 கிகாபைட்டில் எத்தனை செவிக்கு எட்டுகிறது என்று சொல்லத் துணிபவர் அரிது.

இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். திருத்தப்படாமல் இருப்பது இவற்றுக்கு அடியில் உள்ள நம்பிக்கை: எந்தத் தாளக்கருவியையும் தனித்தனி அடிகளாக வெட்டிச் சேமித்து, பின்னர் விசைகொண்டு அடுக்கினால் அக்கருவி மீண்டும் உயிர்பெறும் என்னும் நம்பிக்கை. டிரம் செட்டுக்கு இது பெருமளவு செல்லும். அதற்குக் காரணம் அக்கருவியின் இயல்பு. மென்பொருளின் மேதைமை அன்று. குச்சி தோலைத் தொடும் நேரம் சில மில்லி விநாடிகள், தொட்டவுடன் விலகிவிடுகிறது. அதற்குப் பின் தோல் தன்போக்கில் அதிர்ந்து அடங்குகிறது. ஓர் அடி, ஓர் ஒலி, ஒரு கோப்பு என்ற கணக்கு அங்கே ஏறக்குறையப் பொருந்துகிறது. பாட்டின் சுருதி எதுவாயினும் கிக் டிரம்முக்குப் பெரிதாகக் கவலையில்லை.

தபலாவிலும் மிருதங்கத்திலும் கை விலகுவதே இல்லை. 'நா' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் போதும். மோதிர விரல் தோலின் மேல் மெல்லப் படிந்திருக்கிறது. சுட்டுவிரல் ஓரத்தை அடிக்கிறது. படிந்த விரல் தோலின் அடிப்படை அதிர்வை அடக்கிவிட, அதற்கு மேலுள்ள அதிர்வு தெளிந்து ஒலிக்கிறது. மிருதங்கத்தின் 'நம்' என்பதும் இவ்வகையே. அடித்த விரல் ஒலியைத் தருகிறது. அடிக்காத விரல் அந்த ஒலி எதுவாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. எந்த மிடிக் கோப்பில் அந்த அடிக்காத விரலுக்கு ஓர் எண் உண்டு?

இதைக் கண்டு சொன்னவர் வேறு யாருமல்லர், சி. வி. இராமன். சாதாரண வட்டத் தோலின் மேல் அதிர்வெண்கள் அடிப்படையைப்போல் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒழுங்கற்று அமைகின்றன. அதனால்தான் மேற்கின் பெரும்பாலான டிரம்கள் ஓசை தருகின்றன, சுருதி தருவதில்லை. இந்தியக் கைவினைஞர் தோலின் நடுவே கருஞ்சாந்தைப் படிப்படியாகப் பூசி அவ்வதிர்வெண்களை முழு எண் மடங்குகளுக்கு இழுத்து வந்துவிட்டார் என்பதை 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இராமன் எழுதினார். 1934இல் பெங்களூரிலிருந்து வெளியிட்ட விரிவான கட்டுரையில், தோலின் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து இசைவான சுரங்களாகத் திரள்வதைக் காட்டினார். தோலின் மேல் மணலைத் தூவி, விரலை எங்கே வைத்தால் எந்த முறை அடங்கி எது எழுகிறது என்பதையும் கண்ணுக்குத் தெரியும் வடிவங்களாக வெளிப்படுத்தினார். 1954இல் பி. எஸ். இராமகிருஷ்ணாவும் மன்மோகன் சோந்தியும் அக்கருஞ்சாந்துத் தோலுக்கான கணித மாதிரியையும் வகுத்தார்கள். தோலைக் கணக்கிட்டு ஒலி எழுப்பும் மென்பொருளை விற்பனைக்குரிய புதுமையாக இன்று கொண்டாடுவோர், எந்தத் தோலுக்கு அந்தக் கணக்கு மிகத் தேவையோ அந்தத் தோலை விட்டுவிட்டார்கள். கணக்கின் அடித்தளம் எழுபதாண்டுகளாக நூலகத்தில் கிடக்கிறது.

இடக்கையின் கதை இன்னும் கடினம். தபலாவின் பாயாவில் உள்ளங்கையின் அடிப்பகுதி தோலை அழுத்திக்கொண்டே நகர, அடித்த பின் ஒலியின் சுருதி மேலேறுகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் இதைக் கும்கி என்பர். ஏறும் வேகம், தொடங்கும் இடம், நிற்கும் இடம் எல்லாம் வாசிப்பவரின் அந்த நேரத்து முடிவு. பாடகர் ஒரு சுரத்தில் நிற்கையில் அதற்கு மறுமொழியாகக்கூட அது வளையும். மென்பொருளில் 'கே, மேலேறும்' என்று நான்கைந்து பதிவுகள் இருக்கும். நான்கைந்து கும்கிகளைச் சுழற்றிச் சுழற்றி ஒலிப்பது, நான்கைந்து வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு ஒரு மொழி தெரியும் என்று சொல்லிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

வேகம் கூடினால் உடைவு இன்னும் வெளிப்படை. நிமிடத்துக்கு 120 அடி என்ற நடையில் ஓர் அடிக்கு எட்டுச் சொல் விழுந்தால், இரு தட்டுகளுக்கிடையே 62.5 மில்லி விநாடிதான். முந்தைய தட்டின் அதிர்வு அடங்குமுன் அடுத்த விரல் அதே தோலில் இறங்கி, இருக்கும் அதிர்வின் ஒரு பகுதியை அழித்து, மீதியோடு கலக்கிறது. மென்பொருளோ பழைய கோப்பின் மேல் புதிய கோப்பை வைக்கிறது; மிஞ்சினால் பழையதை வெட்டுகிறது. 'திரகிட' என்பது நான்கு ஒலிகளின் வரிசை என்று எண்ணிய மென்பொருள் அதை நான்கு ஆணிகளாக அறைகிறது. கையில் அது ஒரே அசைவு. ஒரே சொல்லை இடத்துக்கேற்ப வேறு விரலால் வாசிப்பதும், ஒரே தட்டு இடத்துக்கேற்ப வேறு சொல்லாகப் பெயர் பெறுவதும் தபலா கற்கத் தொடங்கும் சிறுவனுக்கும் தெரிந்தது. ஒரு விசைக்கு ஒரு சொல் என்று பெயர் ஒட்டி விற்கும் தொகுப்புகள் அந்தச் சிறுவனின் நிலைக்கும் கீழே நிற்கின்றன.

சுருதி என்னும் சிக்கல் தனி. பதிவான தபலா சி-ஷார்ப்பில் இருக்கிறது, பாட்டு ஈயில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், எளிய வழியில் மூன்று அரைச்சுரம் உயர்த்தப்படும். அப்போது தோலின் சுரத்தோடு மரத்தின் ஒலியும், விரல் படும் 'டக்' ஓசையும் சேர்ந்தே உயரும். ஒலி அடங்கும் நேரம் ஏறத்தாழ 16 விழுக்காடு குறுகும். பெரிய தபலா சிறு பொம்மையாகிவிடும். உண்மையில் வாசிப்பவர் வேறு தபலாவை எடுப்பார், அல்லது சுத்தியால் கட்டைகளைத் தட்டி வாரை இறுக்குவார். ஒரு ஸ்னேருக்குப் பத்து மைக் வைத்துப் பதியும் உலகில், ஒவ்வொரு சுருதிக்கும் தனித்தனித் தபலாவைப் பதிந்து வைப்பது மட்டும் ஏன் பேராசையாகத் தோன்றுகிறது?

விடை பழைய ஆவணம் ஒன்றில் இருக்கிறது. 1991இல் ஏற்கப்பட்ட ஜெனரல் மிடி தரத்தில் தாளக்கருவிகளுக்கென 35 முதல் 81 வரை 47 விசைகள் ஒதுக்கப்பட்டன. பாங்கோவுக்கு இடமுண்டு, காங்காவுக்கு உண்டு, டிம்பாலேவுக்கு உண்டு, குயிக்காவுக்கும் கூய்ரோவுக்கும் உண்டு. விசிலுக்குக்கூட இரண்டு விசைகள் உண்டு. தபலா இல்லை. டோலக் இல்லை. மிருதங்கம் இல்லை. சுரக்கருவிகளின் 128 இடங்களில் சிதாரும் ஷெனாயும் அமர்ந்தன, ஜப்பானின் தைக்கோவும் ஏறிக்கொண்டது. இந்தியத் தோல் ஒன்றுக்கும் நாற்காலி கிடைக்கவில்லை. ஒரு தரத்தில் இல்லாதது கருவியில் இல்லை. கருவியில் இல்லாதது பழக்கத்தில் இல்லை. பழக்கத்தில் இல்லாததை எவரும் ஒப்பிடுவதில்லை. வெலாசிட்டிக்கு 1983இன் மிடி தந்தது 127 படிகள். 2020இல் வந்த மிடி 2.0 அதை 65,536 ஆக்கியது. படிகள் பெருகின. படிந்திருக்கும் விரலைக் குறித்துக்கொள்ள ஒப்புக்கொள்ளப்பட்ட வழி மட்டும் இன்னும் வரவில்லை.

வந்தவை வேறு. பெர்லினின் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 'டிஸ்கவரி' என்றொரு வரிசை வைத்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கா, கியூபா, பாலி ஆகியவற்றோடு 'இந்தியா'வும் அதில் ஒரு பொட்டலம். ஒரு துணைக்கண்டமே கண்டுபிடிக்கப்பட்டு ஒரு பிளக்-இன்னுக்குள் அடங்கிவிட்டது! இத்தகைய பொட்டலங்கள் பலவற்றின் உயிர் தனித்தட்டுகளில் இல்லை, முன்கூட்டியே வாசித்து வைத்த லூப்களில் இருக்கிறது. லூப் நன்றாகவே ஒலிக்கும், கை வாசித்தது அல்லவா. ஆனால் அது எந்தப் பாட்டையும் கேட்டு வாசிக்கப்பட்டதன்று. பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் இடம் அதற்குத் தெரியாது; பாடகர் மூச்சு வாங்குவது தெரியாது. இன்றைய திரைப்பாடல்களிலும் பக்திப் பாடல் தொகுப்புகளிலும் கேட்கும் டோலக் எத்தனை வேறு வேறு பாட்டுகளில் ஒரே டோலக்காக இருக்கிறது என்பதைச் செவியுள்ளோர் அறிவர். மேற்கின் டிரம் செட்டுக்கு ஒவ்வோர் அடியிலும் புதுமை தேடி ரவுண்ட் ராபின் வைத்த அதே தொழில், இந்தியத் தாளத்துக்கு எட்டு மாத்திரையை வெட்டி ஒட்டினால் போதும் என்கிறது. அதற்கு வைத்த பெயரோ 'உண்மைத்தன்மை'.

அறையின் கேள்வியும் உண்டு. கேலக்ஸியின் அரங்கில் ஸ்னேர் எப்படி விரிகிறது என்பதற்குப் பதினொரு கூடுதல் மைக் வைத்தார்கள். திருச்சூர்ப் பூரத்தில் இலஞ்சித்தற மேளத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர் கோயில் வளாகத்தில் கூடி நிற்கிறார்கள். செண்டையின் அறை என்பது அந்த வளாகமும் அக்கூட்டமுமே. கண்ணாடி அறைக்குள் தனியே பதிந்த ஒரு செண்டையை இருநூறு முறை நகலெடுத்து ரிவர்ப் பூசினால் கிடைப்பது ஒரு பெரிய செண்டை, மேளமன்று.

எதிர்வாதங்கள் வலுவற்றவை அல்ல. 'கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது' என்பது முதலாவது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்பவருக்குக் கும்கியின் வளைவு எட்டாது என்பது மெய்யே. ஆனால் இவ்வாதம் தன்னையே தின்றுவிடும். தெரியாது என்றால் 230 கிகாபைட்டும் வேண்டாம், பதினொரு அறை மைக்கும் வேண்டாம், ஒப்பீட்டுக் கட்டுரையும் வேண்டாம். ஸ்னேரின் நுணுக்கம் வரும்போது மட்டும் கேட்பவருக்குப் பொன்செவி இருக்கிறது; தபலா வந்ததும் அவர் செவிடாகிவிடுகிறார் என்பது என்ன நியாயம்?

இரண்டாவது வாதம் பணம். சிறு படம், சிறு ஆல்பம், நான்கு தாளக்கலைஞரை ஒரு நாள் அழைக்க வசதியில்லை. இது நேர்மையான வாதம். இதை மறுக்க வேண்டியதில்லை. சிக்கனம் என்று பெயரிட்டு அழைத்தால் போதும். பணமில்லாததால் மென்பொருள் என்று சொல்பவர் யாரையும் ஏமாற்றவில்லை. மென்பொருளே உண்மை, ஆள் தேவையில்லை என்று சொல்பவர்தான் அடுத்த தலைமுறையின் காதையும் சேர்த்து ஏமாற்றுகிறார். செயற்கை நுண்ணறிவு விரைவில் இதையெல்லாம் தீர்த்துவிடும் என்போரும் உளர். தீர்க்கட்டும், எவருடைய வாசிப்பை உண்டு அது கற்றது, அவரிடம் கேட்டார்களா என்ற வினாவுக்கும் அப்போது விடை கொண்டுவரட்டும்.

ஏனெனில் இங்கே பணயமாக வைக்கப்பட்டிருப்பது ஒலி மட்டுமன்று. மும்பைத் திரையிசைக் கூடங்களில் ஒரு காலத்தில் டோலக், தபலா, கோல், டஃப் என்று தாளக்கலைஞர் வரிசையே ஒன்றாக அமர்ந்து, ஒருவர் மற்றவரைப் பார்த்து வாசித்தது. அந்த உலகமும், பலதடப் பதிவும் எண்முறைக் கருவிகளும் வந்தபின் அது கலைந்த விதமும் கிரிகரி பூத் 2008இல் வெளியிட்ட 'பிஹைண்ட் த கர்ட்டன்' நூலில் கலைஞர்களின் வாய்மொழியாகவே பதிவாகியிருக்கின்றன. கலைந்தபின் அக்கையினரின் ஒலி மட்டும் தங்கியது. ஒரு நாள் கூலிக்குப் பதிவுசெய்யப்பட்ட தட்டு, தொகுப்பாகி, ஆயிரம் பாட்டுகளில் ஒலிக்கலாம். தட்டியவருக்கு அது தெரியவும் வராது. உலகம் இதை முன்பே பார்த்திருக்கிறது. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்' பாட்டில் கிரிகரி கோல்மன் வாசித்த சில விநாடி டிரம் துண்டு, இசை வரலாற்றில் மிக அதிகமாக வெட்டி ஒட்டப்பட்டவற்றுள் ஒன்று. 2006இல் வறுமையில் இறந்த கோல்மனுக்கு அதிலிருந்து உரிமைத்தொகை எதுவும் வரவில்லை.

இந்தியச் சட்டத்தில் கலைஞனுக்கு உரிமை இல்லாமல் இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இன் திருத்தம் நிகழ்த்துநர் உரிமையை நிலைநாட்டியது; 2012இன் திருத்தம் 38ஏ, 38பி பிரிவுகளால் அதை விரித்து, வணிகப் பயன்பாட்டில் உரிமைத்தொகைக்கும் பெயர் குறிப்பிடப்படுவதற்கும் வழி செய்தது. அதே திருத்தம் ஒரு பொறியையும் வைத்தது. திரைப்படத்தில் ஒருவரது நிகழ்த்துதல் தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படுவதில்லை என்றால், சிற்றளவு விலக்கைத் தவிர அவர் நிகழ்த்துநராகக் கருதப்படமாட்டார். பெயரைப் போடாத வழக்கமே பெயர் இல்லாதவரின் உரிமையைப் பறிக்கும் காரணமாகிறது. அரை விநாடி நீளமுள்ள ஒற்றைத் தட்டு 'நிகழ்த்துதல்' ஆகுமா என்று அச்சட்டம் எங்கும் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் ஒப்பந்தமே சட்டம். ஒப்பந்தத்தை எழுதுபவர் தட்டுபவர் அல்லர்.

ஒப்பீடு எழுதுவோர்க்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சுப்பீரியரை மதிப்பிடும் கட்டுரையில் ஸ்னேரைச் செய்த நிறுவனம், மரத்தின் வகை, மைக்கின் மாதிரி எண், பொறியாளர் பெயர் அனைத்தும் இருக்கும். அவையும் 'உண்மை'யின் சான்றுகளாகவே எண்ணப்படுகின்றன. இந்தியத் தொகுப்பு ஒன்றை மதிப்பிடும் கட்டுரையில் வாசித்தவர் யார், கருஞ்சாந்து பூசித் தோலை மூட்டியவர் யார், எந்தச் சுருதியில் எத்தனை தபலா, வாசித்தவருக்கு விற்பனையில் பங்குண்டா என்று கேட்டால் மட்டும் அது 'தொழில்நுட்பத்துக்கு அப்பாற்பட்டது' ஆகிவிடுகிறது. மரத்தின் வகை தொழில்நுட்பம், மாட்டுத்தோலையும் ஆட்டுத்தோலையும் பதம்பார்த்து இழுத்துக் கட்டிய கை மட்டும் சமூகவியல்! இப்பிரிவினையில் சாதி இல்லை என்று சொல்பவர் தோல் வேலையின் வரலாற்றை ஒருமுறை படித்துவிட்டு வரலாம்.

நாட்டுக்குள்ளேயே வேறு வழி தொடங்கியிருக்கிறது. சென்னை ஐஐடியில் பதிவாகி, ஆய்வாளர்க்குத் திறந்து வைக்கப்பட்ட மிருதங்கத் தட்டுத் தொகுப்பில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தட்டுகள், 10 வகைச் சொற்களில், 6 சுருதிகளில் இருக்கின்றன; வாசித்த கலைஞரின் பெயரும் உடனிருக்கிறது. இசைக்கலவைக்காக அது பதியப்படவில்லை, தட்டுகளைக் கணினி இனங்காண்பதற்காகப் பதியப்பட்டது. அதில் தனித்தட்டு உண்டு. ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குக் கை செல்லும் வழி இல்லை. தேவைப்படுவது அந்த வழியின் பதிவு: சொற்கட்டுகளாக, பல நடைகளில், படிந்த விரலின் அழுத்தத்தையும் உணரி கொண்டு குறித்து, விற்பனையில் பங்கு என்று எழுத்தில் உறுதி தந்து. ஒரு பல்கலைக்கழக இசைத்துறையும் ஒரு பொறியியல் துறையும் சேர்ந்தால் ஓராண்டில் தொடங்கக்கூடிய வேலை இது. இரண்டும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன.

அதற்கு முன்பாக, அடுத்த ஒப்பீட்டை எழுதுவோர் கிக்கையும் ஸ்னேரையும் ஒரு முறை ஒதுக்கிவைத்து, 120 நடையில் ஒரு திரகிடவையும், பாடகர் பஞ்சமத்தில் நிற்கையில் விழும் ஒரு கும்கியையும் சோதனையாக வைக்கட்டும். சந்தையிலுள்ள ஐந்து இந்தியத் தொகுப்புகளிலும் அவ்விரண்டையும் செய்து பார்த்து, ஆறாவதாக ஒரு கலைஞரை முறையான கூலிக்கு அழைத்து வாசிக்கச் சொல்லி, ஒலியளவைச் சமப்படுத்தி, எது எது என்று சொல்லாமல் ஆறு கோப்புகளையும் வெளியிடட்டும். நட்சத்திரங்களை அதன் பிறகு வழங்கிக்கொள்ளலாம்.